அவர் எங்கே போகிறார்?

என் சகலைக்கு ஊரில் ஆவி என்று பேர். சொந்தப் பேர் அரசாங்கக் காகிதங்களில் மட்டும் இருக்கிறது. கொதிக்கிற வண்டியா, ஆவியிடம் கொண்டு போ என்பார்கள். பானெட்டைத் தூக்கினால் குபுகுபுவென்று வெள்ளையாக எழும்புமே, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு ஆயுளில் பாதியைக் கழித்த மனிதர். இந்தப் பேரால் வந்த வம்பும் உண்டு. ஒருநாள் ஒரு பெரியவர் வந்து, எங்கள் வீட்டு மாடியில் யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது, இங்கே ஆவி பார்ப்பார்களாமே என்று விசாரித்தார். மாடியில் ரேடியேட்டர் இருந்தால் கழற்றிக்கொண்டு வாருங்கள் என்று நான் சொல்லி அனுப்பினேன்.

நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள்.

அவர் மனைவியும் என் மனைவியும் அக்கா தங்கை. ஒரே கொட்டகையை நடுவில் தகரம் வைத்துத் தடுத்து, அந்தப் பக்கம் அவர் கொதிக்கிற வண்டிகளைப் பார்ப்பார், இந்தப் பக்கம் நான் வயரிங்கும் பேட்டரியும் பார்ப்பேன். தகரத்தில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. அது வழியாக நாங்கள் ஸ்பானர்களையும் கிண்டலையும் பரிமாறிக்கொள்வோம்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். அவ்வளவு நிதானம். சூடான ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கமாட்டார். மூன்று மடிப்புச் சாக்கைப் போட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நாடி பார்ப்பது போல நிற்பார். வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, எங்கே சொட்டுகிறது என்று குனிந்து குனிந்து பார்ப்பார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வண்டிக்குள் இருக்கிற தண்ணீரை அவர் 'அவர்' என்றுதான் சொல்வார். 'அவர் இன்னும் கோவமாதான் இருக்கார்', 'அவர் பெல்ட் பக்கமா வெளிய வர்றார்', இப்படி. நம்ம மாமனாரைக்கூட நீங்க இவ்வளவு மரியாதையாச் சொன்னதில்லையே சகலை என்று நான் கேட்டதுண்டு. மாமனார் கொதிச்சா வீட்டோட போகும், இவர் கொதிச்சா எஞ்சினே போயிடும் என்பார்.

இந்த 'அவர்'தான் அன்றைக்கு எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது.

வேன் அக்காவை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஐம்பத்தைந்து வயது, கணீர்க் குரல், ஹாரன் அடிக்காமலே ஒரு தெருவை ஒதுங்க வைப்பாள். அவள் புருஷன் கடைக் கண்ணாடிகளில் பேர் எழுதும் பெயிண்டர். வெயிலும் மழையும் எழுத்தைத் தின்றுவிடும் என்று கடைக்கு உள்ளேயிருந்து, கண்ணாடியின் உள்பக்கத்தில் எழுதுவார். அவருடைய இன்னொரு வேலை ஒரு கார். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வண்டி, தவளைக் கண் மாதிரி உருண்டை விளக்குகள், எங்கேயோ குளிர்நாட்டிலிருந்து கப்பலில் வந்தது. கிடங்கு ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்ததை இழுத்து வந்து, ஆறு வருஷம் சாயங்காலமெல்லாம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தார். வேன் அக்கா அதைச் சக்களத்தி என்பாள். நான் உயிரோடு இருக்கிறவரை அதில் காலை வைக்கமாட்டேன் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னவள்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முதன்முதலாக அந்தக் காரை ரோட்டில் எடுத்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வளைவில், எஞ்சின் கொதித்து நின்ற காருக்குள், ஸ்டீயரிங்கில் தலை சாய்ந்தபடி இருந்தார். மாரடைப்பு. பக்கத்துக் கண்ணாடிகள் உள்ளே வெள்ளையாக மூடியிருந்ததால், கதவைத் திறக்கிறவரை உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்தக் காரைத்தான் வேன் அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் கொட்டகைக்கு ஓட்டி வந்தாள். இறங்கினவள் வழக்கம் போல அதட்டவில்லை. கொதிக்குது தம்பி, தினமும் அதே வளைவுல போய் நிக்குது என்று மட்டும் ஆவியிடம் சொன்னாள். வெள்ளிக்கிழமை அவள் மகன் பழைய கார் சேர்க்கிற யாரையோ அழைத்து வந்து வண்டியைக் கொடுத்துவிடப் போகிறானாம். அதற்குள் பார்க்கவேண்டும்.

ஆவி மூடிமேல் சாக்கைப் போட்டு, உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"அவர் உள்ள இல்லக்கா. பாதிக்கு மேல போயிட்டார். எங்க போறார்னுதான் தெரியல" என்றார்.

வேன் அக்காவின் முகம் வெளுத்ததை நான் தகர இடைவெளியிலிருந்து பார்த்தேன். பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய், அவர் தண்ணீரைச் சொல்கிறார் அக்கா, இந்த மனுஷனுக்கு அது ஒரு கெட்ட பழக்கம் என்று விளக்கினேன். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் நம்பினதாகத் தெரியவில்லை.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. தினமும் சாயங்காலம் வேனை விட்டுவிட்டு வந்து, அவள் இந்தக் காரை வாசலில் ஸ்டார்ட் பண்ணுவாளாம். கிளம்பத் தைரியம் வருவதற்குப் பத்து நிமிஷம் ஆகுமாம். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் காருக்குள் இனிப்பாக ஒரு வாசனை வரும். முன் கண்ணாடி உள்ளேயிருந்து வெளுக்கும். வெளுத்த பிறகு அதில் ஏதோ தெரியும்.

"எழுத்து மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. ஒரு கொக்கி, ஒரு சுழி, ஒரு புள்ளி. கதவைத் திறந்தா மறைஞ்சிடுது. அடுத்த நாள் அதே இடத்துல அதே மாதிரி வருது. வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. போட்டோ எடுத்து ஒருத்தர்கிட்ட காட்டினேன். இது மந்திர எழுத்து, வண்டியைக் கொளுத்திடுங்கன்னார்."

உங்கள் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அப்படிச் சொன்னவரைத்தான் கொளுத்தியிருப்பார் என்று வாய்வரை வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன். அவள் ஆவியைப் பார்த்துத்தான் பேசினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை புருஷனுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம். அவர் வாசலில் காரை நிறுத்திக்கொண்டு ஹாரன் அடித்தார். அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். மறுபடி அடித்தார். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து கார் கிளம்பின சத்தம் கேட்டது.

"அவர் என்மேல கோவமாப் போனாரான்னு தெரியணும் தம்பி. அது மட்டும்தான் வேணும். அது திட்டா இருந்தாலும் பரவாயில்ல. தெரியாம வண்டியக் குடுத்துட்டா அப்புறம் நான் எங்க போய்த் தேடுவேன்?"

 ஆவிக்குத் தெரிந்த ஒரே பதில் வேலைதான். பெல்ட்டை விரலால் அமுக்கினார், சரியாக இருந்தது. தெர்மோஸ்டாட் என்று ஒன்று, சூடு ஏறினால் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் சின்னக் கதவு, அதைக் கழற்றிப் பாத்திரத்தில் கொதிநீரில் போட்டார். அது ஒழுங்காகத் திறந்தது. ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் பிசைந்து பார்த்தார். எஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று குச்சியை இழுத்து முகர்ந்தார். எதுவும் இல்லை. நிரம்பத் தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாளை விரித்து, கதவுகள் திறந்தே கிடக்க, கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு அணைத்தார். மறுபடி அளந்தபோது இரண்டு லிட்டர் குறைந்திருந்தது. செய்தித்தாளில் ஒரு சொட்டுகூட இல்லை.

அவர் குனிந்து அந்தத் தாளைத் தடவித் தடவிப் பார்த்ததை நான் மறக்கமாட்டேன். இருபத்தெட்டு வருஷத்தில் தண்ணீர் அவருக்கு ஒரு அடையாளமாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறது. துரு, உப்பு, பச்சைக் கறை, ஏதாவது. இந்த வண்டியில் எதுவுமே இல்லை. கொட்டகைக்கு வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது.

"சகலை, இங்க வந்து பாருங்க" என்றார். 

ஓட்டுகிறவர் பக்கத்துக் கால்மேட் காய்ந்து மொறமொறவென்று இருந்தது. அடுத்த இருக்கைக்குக் கீழே இருந்த கால்மேட்டை அவர் அழுத்தினார். பிசுபிசுவென்று தண்ணீர் விரல்களுக்கு மேல் எழும்பியது. யாரும் உட்காராத இருக்கை அது. அந்த இடத்தில் மட்டும், குளித்துவிட்டுத் துவட்டாத காலோடு ஒருத்தர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது போல ஈரம்.

வேன் அக்கா எங்கள் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.  முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆவி அந்த ஈரத்தை முகர்ந்தார். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, தலையை விட்டு, பாதி உடம்பையும் விட்டார். வெகுநேரம் கால்கள் மட்டும் தெரிந்தன. வெளியே வந்தபோது அவர் முகம் செத்துப்போயிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

ஹீட்டர். குளிர்நாட்டு வண்டி அல்லவா, உள்ளே இருக்கிறவர்களுக்குக் கதகதப்புக்காக எஞ்சினின் சுடுதண்ணீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரேடியேட்டருக்கும் போய் வருகிறது. அதன் பற்றவைப்பு விட்டுப்போயிருந்தது. சூடும் அழுத்தமும் ஏறினதும், இனிப்பு வாசனை அடிக்கிற கூலண்ட் கலந்த தண்ணீர் காருக்குள்ளேயே ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, மிச்சம் அந்தக் கால்மேட்டில் இறங்கியிருக்கிறது. பன்னிரண்டு மாதமும் வியர்க்கிற எங்கள் ஊரில் எந்த மெக்கானிக்கும் ஹீட்டர் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. ஜன்னலை எப்படித் திறந்துவைப்பது என்பதுதான் எங்கள் கவலை. வேறு எந்த ஊராக இருந்தாலும் முதல் அரைமணியில் கண்டுபிடித்திருப்பார்கள்.

நான் பெருமூச்சு விட்டேன். அப்பாடா, பேய்க்கு ஒரு பாகத்தின் பேர் கிடைத்துவிட்டது. ஆனால் ஆவி நிமிரவில்லை.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவர் போறதுக்கு மூணு வாரம் முன்னாடி என்னைப் பார்த்து, ஹீட்டர் லேசா கசியுது, பிரிச்சுப் பாக்கணுமான்னு கேட்டார். நம்ம ஊர்ல யாரு ஹீட்டர் போடப்போறா, அது பாட்டுக்குக் கிடக்கட்டும்னு சொன்னேன். நின்னபடியே சொன்னேன். வண்டியக்கூடப் பார்க்கல."

இந்தத் தடவை அவர் சொன்ன 'அவர்' தண்ணீர் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

வேன் அக்கா அவரைத் திட்டியிருக்கலாம். நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.  "அவர் நாலு பேர்கிட்ட கேட்டிருப்பார். கேட்டுட்டு அவர் இஷ்டத்துக்குத்தான் செய்வார்" என்றாள். பிறகு, அதை இப்போது அடைக்கவேண்டாம், ஒரே ஒரு தடவை ஓடவிடுங்கள், கண்ணாடி வெளுக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

கொதிக்கும் என்று தெரிந்தே ஒரு எஞ்சினை ஓடவிடுவது ஆவிக்குச் சொந்தப் பிள்ளையை வெயிலில் நிறுத்துவது மாதிரி. ஒரு நிமிஷம் கூடினால் எஞ்சினின் தலைப்பாகம் சூட்டில் வளைந்து, ஆறு வருஷ உழைப்பும் பழைய இரும்பாகிவிடும். அவர் எஞ்சினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தண்ணீரை நிரப்பி மூடியைத் திருகினார்.

"சகலை, நீங்க உள்ள உட்காருங்க. நான் முன்னால நிக்கறேன். கை காட்டினா அந்த விநாடியே அணைச்சிடணும்."

வேலை எப்போதும் இப்படித்தான். ஒரு ஆள் உள்ளே, அவர் பானெட்டுக்கு முன்னால். வழக்கமாக உள்ளே உட்காருவது வண்டிக்காரர். அன்றைக்கு வேன் அக்கா சாவியை என் கையில் திணித்துவிட்டதால் நான் உட்கார்ந்தேன். அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

இறந்தவர் உட்கார்ந்த இருக்கை. நம்பாதவனுக்கு என்ன, உட்கார்ந்தேன். சீட்டில் அவர் உடம்பு அழுத்தின பள்ளம் இருந்தது. அது எனக்கு ஒரு சுற்றுப் பெரியது. எஞ்சின் சீராக ஓடியது. சூடு காட்டும் முள் மெல்ல எழுந்தது. எட்டாவது நிமிஷம் இனிப்பு வாசனை வந்தது. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் பால் சிந்தின மாதிரி ஒரு வெள்ளை ஆரம்பித்து மேலே ஏறியது.

அப்புறம் என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால், கையில்லாமல், விரலில்லாமல், ஒருவர் எழுத ஆரம்பித்தார்.

வெள்ளை பரவப் பரவ கோடு நீண்டது. ஒரு கொக்கி. பிறகு ஒரு கால். பிறகு ஒரு சுழி. எனக்குக் காரணம் தெரியும். பெயிண்டரின் விரல்களில் எப்போதும் எண்ணெய் ஊறியிருக்கும். எண்ணெய் பட்ட இடத்தில் ஆவி படியாது. எப்போதோ எழுதினது இப்போது தெரிகிறது, அவ்வளவுதான். இதை எனக்குள் மூன்று தடவை சொல்லிக்கொண்டேன். மூன்றாவது தடவை என் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவருக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது.

எழுத்து முடிந்தது. கடைசியில் ஒரு புள்ளி. உள்ளேயிருந்து பார்க்க எந்த மொழியும் இல்லை. போட்டோ பார்த்தவர் பயந்ததில் தப்பே இல்லை.

முன்னால் நின்ற ஆவியின் உருவம் அந்தக் கோடுகளின் வழியே துண்டு துண்டாகத் தெரிந்தது. அவர் எஞ்சினைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மெல்லத் திறந்தது.

"அக்கா, இங்க வாங்க. என் பக்கத்துல வந்து நில்லுங்க" என்றார்.

அவள் வந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். எஞ்சின் சத்தத்தில் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னதை ஆவி பிறகு எனக்குச் சொன்னார்.

"இவர் எழுதற கண்ணாடிக்கெல்லாம் வெளிய நின்னு, நேரா இருக்கா கோணலான்னு பார்த்துச் சொன்னவளே நான்தான். இந்தத் தடவை நான் உள்ள உட்கார்ந்துட்டேன்."

பெயிண்டர் அதை உள்ளேயிருந்து, வெளியே நிற்கிறவள் படிப்பதற்காக, கடைக் கண்ணாடிப் பழக்கத்தில் இடம் வலமாகத் திருப்பி எழுதியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஹாரன் இரண்டு தடவை அடித்துவிட்டு, கண்ணாடி வெளுக்கும்வரை வாசலிலேயே காத்திருந்து எழுதியிருக்கிறார். ஜன்னல் திரை விலகினால் படிக்கலாம். ஒரே ஒரு வார்த்தை.

வாயேன்.

முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டின் இடுக்குகளில் வெள்ளை கிளம்பியது. ஆவி கையைத் தூக்கிவிட்டார், அணை என்று. நான் சாவியைத் தொட்டேன். அதற்குள் பக்கத்துக் கதவு திறந்தது. வேன் அக்கா ஏறி, ஈரக் கால்மேட்டில் காலை வைத்து, அந்த இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். நேராகக் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்.

"வந்துட்டேன். போலாம்."

என்னிடம் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்திடம் சொன்னாள்.

நான் ஆவியைப் பார்த்தேன். தூக்கின கை தூக்கினபடி இருந்தது. கொதிக்கிற வண்டியை ஒரு அடி நகர்த்த அவர் யாரையும் விட்டதில்லை. அந்தக் கை மெதுவாகக் கீழே இறங்கியது. அவர் பானெட்டுக்கு முன்னாலிருந்து விலகி வழிவிட்டார்.

கியரைப் போட்டேன். தெரு முனைவரை போயிருப்பேன், இருநூறு அடி இருக்கும். கண்ணாடியில் எதுவும் தெரியாததால் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு ஓட்டினேன். அவள் துடைக்கவும் இல்லை, துடைக்கச் சொல்லவும் இல்லை. முனையில் வண்டி ஒரு உதறு உதறித் தானாக நின்றது. சுடு இரும்பு டிக் டிக்கென்று சத்தமிட்டது. வெள்ளைக்குள் நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேர்தானா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நான் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பேன்.

"அவர் இவ்வளவு மெதுவா ஓட்ட மாட்டார்" என்றாள். பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். எனக்கு என்ன உறவு, எதற்கு அழுதேன் என்று தெரியவில்லை.

எஞ்சின் பிழைத்தது. ஆவி இரண்டு நாள் ராப்பகலாக வேலை பார்த்து, ஹீட்டரைக் கழற்றி, விட்டுப்போன இடத்தை ஈயம் வைத்து அடைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் வாசலில் காத்திருந்தபோது போன தண்ணீர் மிச்சமிருந்தால் வண்டி வளைவைத் தாண்டியிருக்கும் என்று அவர் ஒருமுறை என்னிடம் ஆரம்பித்தார். வாயை மூடுங்கள் என்றேன். வேன் ஓட்டுகிறவளுக்கு அந்தக் கணக்கு தெரியாமலா இருக்கும்? அவள் சொல்லாததை நாம் ஏன் சொல்லவேண்டும்?

வியாழக்கிழமை வண்டியை எடுக்க வந்தாள். இனிமேல் கசியாது என்று ஆவி சொன்னதும் அவள் முகம் வாடியது. கசியாவிட்டால் கண்ணாடி வெளுக்காது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு காருக்குள் குனிந்து, கண்ணாடிக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோய், ஹா என்று ஊதினார். ஒரு கொக்கி தெரிந்து மறைந்தது.

"மூச்சுவிட்டாலே வருதுக்கா" என்றார்.

மறுநாள் மகனோடு வண்டி வாங்க வந்தவர்கள் கார் இல்லாமல் திரும்பிப் போனார்கள். ஆவி இப்போது எந்த வண்டி வந்தாலும் முதலில் ஹீட்டரைத்தான் பார்க்கிறார், ஹீட்டரே இல்லாத வண்டியிலும் தேடுகிறார் என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறேன். வேன் அக்கா சாயங்காலம் காரை எடுக்குமுன் முதலில் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து உட்காருகிறாள். முன்னால் சாய்ந்து ஒருமுறை ஊதுகிறாள். பிறகு இறங்கிச் சுற்றி வந்து, ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்புகிறாள்.